ஃபெரெட்டுக்கு வைத்த ஆட்டுக்கால் சூப்

கரையான்சாவடி மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் அந்த அடுக்குமாடியில், மூன்றாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்ததும் யாராக இருந்தாலும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். சுலோசனாவின் வீட்டிலிருந்து வரும் வாடை அது. சாக்கடை வாடை என்றால் முனிசிபாலிட்டியைத் திட்டலாம். எலி செத்த வாடை என்றால் தேடி எடுத்துத் தூர எறியலாம். இதுவோ நாலு காலோடு வீட்டுக்குள் ஓடித் திரியும் வாடை. நனைந்த கோணிப்பையில் வெல்லத்தைக் கொட்டிக் கட்டி வைத்தது மாதிரி, இனிப்பும் புளிப்புமாகத் தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும் கண்றாவி. எதிர்வீட்டு வனஜா ஒருநாள் வாசலில் நின்றுகொண்டு, "இன்னா சுலோ, ஊட்டுல எதுனா செத்துக் கித்துக் கெடக்குதா?" என்று கேட்டே விட்டாள். சுலோசனாவுக்கு மானமே போயிற்று. சாம்பிராணி போட்டாள், பினாயில் ஊற்றித் துடைத்தாள், ஊதுவத்தி கட்டுக் கட்டாகக் கொளுத்தினாள். ஒன்றுக்கும் அது அசையவில்லை.

அந்தப் பிராணிக்குப் பெயர் நூடுல்ஸ். ஒரு முழத்துக்கு மேல் நீளம், குட்டைக் கால், கூர் மூஞ்சி, இழுத்து விட்ட மாதிரி உடம்பு. கொண்டுவந்து வைத்தவன் அவளுடைய ஒரே மகன் கோகுல்நாத். ஐ.டி. கம்பெனியில் வேலை. போனில் ஏதோ குழுவில் பார்த்து, யாரிடமோ வாங்கி, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இன்னாடா இது, கீரியா?" என்றாள் சுலோசனா.

"கீரி இல்லம்மா, ஃபெரெட். ஃபாரின்ல எல்லாரும் வளர்க்கறாங்க. பூனை மாதிரிதான்."

பூனையாவது மண்ணாவது! பூனை தன் கழிவை மண் போட்டு மூடும். இது மூலை பார்த்துப் பின்புறத்தைத் தூக்கி வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று ஓடிவிடும். கோழித் துண்டைக் கொடுத்தால் பாதியைத் தின்று மீதியைக் கொண்டுபோய் ஒளித்து வைக்கும். பொங்கலுக்கு வீட்டைக் கழுவ சோபாவை நகர்த்தியவள், அடியில் கோகுலின் காலுறை, கணவனின் மூக்குக்கண்ணாடிக் கூடு, அவற்றோடு புழு நெளியும் கோழிக் கழுத்து ஒன்றையும் பார்த்தாள். அன்றைக்கு முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கோகுல் அதற்குக் கூலிங்கிளாஸ் மாட்டினான், தொப்பி போட்டான். அது முதுகை வளைத்துக்கொண்டு பக்கவாட்டில் துள்ளித் துள்ளி ஆடுவதைப் படம் பிடித்துப் போட்டான். ஜனங்கள் பார்த்தார்கள், இதயம் இதயமாக அனுப்பினார்கள். பிறகு ஜனங்களுக்கு அலுத்தது. அவனுக்கு அதற்கு முன்பே அலுத்துவிட்டது. வாருவதும் கழுவுவதும் சுலோசனாவின் தலையில் விழுந்தன. "சாவுகிராக்கி, எங்கேர்ந்துடா வந்து சேந்த என் உயிர வாங்க?" என்று தினமும் காலையில் துடைப்பத்தோடு அதற்கு அர்ச்சனை நடக்கும்.

அந்த வீட்டில் அதை வெறுக்காத ஆள் ஒருத்தர்தான், அவளுடைய கணவர் பக்தவத்சலம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மிஷின் முன்னால் நின்று வாழ்க்கையை ஓட்டியவர். இப்போது நிற்க முடியாது. இதயம் பெருத்துப் போய், ரத்தத்தைத் தள்ளத் தெம்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். நீர் மாத்திரை உண்டு, உப்பு கூடாது, தண்ணீரும் அளந்துதான். ஹாலில் பிளாஸ்டிக் வயர் நாற்காலியில் காலை ஸ்டூல் மேல் நீட்டி உட்கார்ந்திருப்பார். நூடுல்ஸ் அவர் லுங்கி மடிப்புக்குள் புகுந்து தூங்கும். அவருக்கு வாடையே தெரியாது. இத்தனை வருஷம் மிஷின் ஆயிலை மோந்த மூக்கு, அதற்கு எது பட்டால் என்ன?

கோடை ஆரம்பிக்கும்போது அந்தப் பிராணி ஆட்டத்தை நிறுத்தியது. தூங்கிக்கொண்டே கிடந்தது. ஒருநாள் எழுந்து வரும்போது பின்னங்கால் இரண்டும் பின்தங்கின. தரையைத் துடைக்கும் துணி மாதிரி அவற்றை இழுத்துக்கொண்டு வந்தது. கோகுல் செல்லப்பிராணிக் கடைக்காரனுக்குப் போன் போட்டான். கால்சியம் குறைவாக இருக்கும் என்று அவன் சொன்னான். அத்தோடு கோகுலின் கடமை முடிந்தது.

சுலோசனாவுக்கு அதன் மேல் அருவருப்புதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் தன் வீட்டில் ஒரு சீவன் காலை இழுத்துக்கொண்டு திரிவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. காலில் தெம்பில்லை என்றால் அவள் குடும்பத்தில் ஒரே வைத்தியம்தான். கறிக்கடையில் சுட்டு வெட்டிய ஆட்டுக்கால் வாங்கி வந்து, சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு, குக்கரில் விசில் விசிலாக விட்டு, ஒட்டுகிற பதத்தில் சூப் வைப்பது. அவளுடைய அம்மா எழுந்து நடந்தது இதில்தான். வனஜாவின் மூட்டுவலி போனதும் இதில்தான். உப்பு மட்டும் தாராளமாகப் போட வேண்டும், அப்போதுதான் தெம்பு. வீட்டில் குழம்பு எதுவானாலும் கணவருக்கு முதலில் எடுத்து வைத்துவிட்டு அப்புறம்தான் உப்புப் போடுவாள். இது மிருகத்துக்கான சூப், இதற்கு என்ன கட்டுப்பாடு?

"குடு சுலோ, நான் ஊட்றேன்" என்று பக்தவத்சலம் தானாகக் கை நீட்டினார். சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தாத மனுஷன்! மடியில் போட்டுக்கொண்டு, சூப் ஊற்றிய ரசக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கரண்டி கரண்டியாக ஊட்டினார். கிண்ணம் வழித்துத் துடைத்த மாதிரி சமையலறைக்குத் திரும்பி வந்தது.

"பாத்தியா, ஒரு சொட்டு உடாம குடிச்சிகீது" என்று அவளுக்கே பெருமை தாளவில்லை. காலையிலும் சாயந்திரமும் வைத்துக் கொடுத்தாள்.

கால் தேறவில்லை. வயிறுதான் ஊதியது. அதோடு சேர்ந்து பக்தவத்சலத்தின் காலும் வீங்கியது, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. "திருட்டுத்தனமா தண்ணி குடிக்கிறியா நீ?" என்று அவரைத் திட்டினாள். அவர் சத்தியம் பண்ணினார்.

ஒருநாள் காலை நூடுல்ஸ் வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கியது. விலா எலும்பு ஏறி ஏறி இறங்கியது. பக்தவத்சலம் அதன் உதட்டைத் தூக்கிக் காட்டினார், ஈறு வெளிறி நீலம் பாரித்திருந்தது. கோகுலுக்குப் போன் போட்டால், "மீட்டிங்ல இருக்கேன்ம்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டான். கூப்பிடவில்லை. அதைத் தேங்காய்ப்பூத் துண்டில் சுற்றிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் ஆட்டோ பிடித்தார்கள். வேலப்பன்சாவடியில் சபீனா என்று ஒரு கால்நடை டாக்டர் இருக்கிறார், கிளி, முயல் எல்லாம் பார்ப்பார் என்று வனஜாதான் சொல்லியிருந்தாள். வழி முழுக்க ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டினார்.

டாக்டர் சபீனா முகத்தைச் சுளிக்கவில்லை. முதலில் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஆக்சிஜன் விட்டார், ஓர் ஊசி போட்டார். மூச்சு கொஞ்சம் அடங்கிய பிறகு வெளியே எடுத்து, நெஞ்சுக்குழாயை மார்பில் வைத்தார். முன்னங்காலுக்குப் பக்கத்தில் வைப்பார் என்று சுலோசனா பார்த்திருக்க, டாக்டரின் கை நன்றாகப் பின்னால் தள்ளிப் போயிற்று.

"இதுக்கு நெஞ்சு நீளம்மா. இதயம் பூனையைவிடப் பின்னாடி இருக்கும். முன்னாடி வெச்சுக் கேட்டா ஒண்ணுமில்லன்னு தோணிடும்" என்றார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். ஸ்கேனும் பார்த்தார்கள். சுண்டைக்காய் மாதிரி இருக்க வேண்டிய இதயம் எலுமிச்சம்பழமாக உப்பிக் கிடந்தது, சுற்றிலும் வெள்ளையாகப் புகை மூட்டம். "இந்த வெள்ளை எல்லாம் தண்ணி. இதயத்தோட சுவரு மெலிஞ்சு போச்சு, ரத்தத்தைத் தள்ள வலு இல்ல. கொசுக்கடில இதயத்துக்குள்ள புழு வந்தும் இப்படி ஆகும், அதையும் தேடிப் பார்த்தேன். புழு இல்ல."

இதயத்துக்குள் புழுவா! சோபாவுக்கடியில் பார்த்த கோழிக் கழுத்து சுலோசனாவின் கண்முன் வந்தது. அவள் சுதாரிப்பதற்குள் டாக்டர் அதன் விலாவுக்கிடையில் ஊசியை இறக்கிவிட்டார். மஞ்சளாக, கஞ்சித் தண்ணீர் மாதிரி நீர் ஏறி வந்தது. ஏறிக்கொண்டே இருந்தது. இவ்வளவு சின்ன உடம்புக்குள் இவ்வளவு தண்ணீரா! முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"சாப்பாட்டுல உப்பு எதாவது சேர்த்தீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

சுலோசனா நிமிர்ந்தாள். தன் பக்கம் சொல்ல ஒரு நல்ல சேதி இருக்கிறதே! "கால் தெம்புக்கு ஆட்டுக்கால் சூப் வெச்சிக் குடுத்தேன் டாக்டர். ரெண்டு வேளையும். உப்பு ஒறப்பா போட்டு."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "நோய் கால்ல இல்லம்மா. இதயம் தள்ளாததாலதான் காலுக்கு வலு போச்சு. உப்பு உள்ள போகப் போகத் தண்ணி உடம்புலயே தங்கிடும், மூச்சு முட்டும்." குரலில் கோபமில்லை. கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று சுலோசனாவுக்கு இருந்தது. "ஒரு வேளைக்கு எவ்வளவு குடிக்கும்?"

"ரசக் கிண்ணம் நெறைய. மிச்சமே வெக்காது."

"இருக்காதேம்மா. இது மொத்தமே ஒரு கிலோதான் இருக்கு. அவ்வளவு எப்படிக் குடிக்கும்?"

பக்தவத்சலம் சுவரில் மாட்டியிருந்த நாய் இன வரைபடத்தை அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார். சுலோசனா அவர் முகத்தைப் பார்த்தாள், குனிந்து காலைப் பார்த்தாள். செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது.

"யோவ்."

"ரெண்டு வாயிதான் சுலோ…"

"அது நக்குன கிண்ணத்துலயா?"

"அது குடிச்ச மிச்சந்தானே…"

"உவ்வே!" சுலோசனா நிஜமாகவே வாயைப் பொத்தினாள். டாக்டர் முன்னால் என்ற கூச்சமெல்லாம் பறந்தது. "கலீஜ் புடிச்ச மனுசா! குண்டிய நக்கிட்டு வந்து நக்குமேய்யா அது! அது எச்சிய வழிச்சி வழிச்சிக் குடிச்சிகீறியே, உனுக்கு வெக்கம் இல்ல? சூடு சொரணை இல்ல?"

"வாயில உப்பு பட்டு எத்தினி காலம் ஆவுதுன்னு உனுக்குத் தெரியுமா?" என்றார் பக்தவத்சலம். அவரும் கத்தித்தான் சொன்னார், கடைசியில் குரல் உடைந்துவிட்டது. "வெறும் தண்ணில வெந்தத துன்னு துன்னு நாக்கு செத்துப் போச்சு சுலோ. மோப்பம் வந்திச்சி, மனசு அடங்கல. அதான்."

டாக்டர் சபீனா அவரை உட்காரச் சொல்லி, என்ன நோய் என்று விசாரித்து, குனிந்து அவர் காலை அழுத்திப் பார்த்தார். "ஐயா, இன்னைக்கே உங்க டாக்டரைப் போய்ப் பாருங்க, தள்ளிப் போடாதீங்க. உங்களுக்கும் நீர் மாத்திரைதானே? இதுக்கும் அதே மருந்துதான் குடுக்கறேன், துளிக் கணக்குல. இதயத்துக்கு வலு குடுக்கற மருந்து ஒண்ணு தனியா." பிறகு சுலோசனாவிடம் சொன்னார். "குணமாக்க முடியாதும்மா. வேளை தவறாம மருந்து, உப்பில்லாத கறி கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி, வெயில் படாத இடம், ஓட விடக் கூடாது. தூங்கறப்ப மூச்சு வேகமா இருந்தா உடனே தூக்கிட்டு வாங்க. இப்படிப் பார்த்துக்கிட்டா நல்லாவே கொஞ்ச காலம் இருக்கும்."

அன்றைக்கே பக்தவத்சலத்துக்கு மாத்திரையைக் கூட்டி எழுதினார்கள். வீடு திரும்பியதும் கிண்ணத்தைச் சுலோசனா பாத்திரப் பவுடர் போட்டுத் தேய்த்தாள், வெந்நீர் ஊற்றித் தேய்த்தாள், கடைசியில் குப்பையில் போட்டாள். "சாவு…" என்று பிராணியைத் திட்ட வாயெடுத்தவள் பாதியில் நிறுத்தினாள். நாற்காலியில் இருப்பவர் காதிலும் அது விழும் என்று அப்போதுதான் உறைத்தது.

சாயந்திரம் கோகுல் வந்தான். ஷூவைக் கழற்றிக்கொண்டே சேதி கேட்டான்.

"குணமாகுமா?"

"ஆவாதாம். மருந்து குடுத்துகினே இருக்கணும்."

"அப்ப வேஸ்ட்ம்மா. ஹார்ட் போன கேஸை வெச்சுக்கிட்டு நாம என்ன பண்றது? எப்படியும் போகப் போறது. நல்லா இருக்கற மாதிரி இருக்கும்போதே யார் தலையிலயாவது கட்டி விட்டுடணும்."

அவனுக்கு எதிரே, மூன்று அடி தள்ளி, ஸ்டூல் மேல் காலை நீட்டிக்கொண்டு அவன் அப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் அது தூங்கிக்கொண்டிருந்தது. சுலோசனா மகன் முகத்தையே பார்த்தாள். இப்போது நாக்கைக் கடித்துக்கொள்வான், இப்போது அப்பாவைத் திரும்பிப் பார்ப்பான் என்று நின்றாள். அவன் போனைப் பார்த்தான். அது ஆடிய பழைய வீடியோவைத் தேடி எடுத்து, ஆரோக்கியமான ஃபெரெட், வேலைப் பளுவால் கொடுக்கிறோம் என்று அங்கேயே உட்கார்ந்து போட்டுவிட்டான். பெற்ற பிள்ளையைப் பார்த்து வயிறு குமட்டும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. பக்தவத்சலம் டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை முத்தாபுதுப்பேட்டையிலிருந்து விஷ்ணு என்ற பையன் வருவதாக ஏற்பாடு. கோகுல் ஹாலெல்லாம் வாசனை ஸ்பிரே அடித்தான். சமையலறைக்குள் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"ம்மா, அவன் வர்றதுக்கு முன்னாடியே மருந்தைக் குடுத்துடு. அப்பதான் கொஞ்ச நேரம் சுறுசுறுப்பா தெரியும். பாட்டிலை எல்லாம் எடுத்து உள்ள வெச்சிடு. நீ ஒண்ணும் பேச வேணாம்."

உயிரைப் பிடித்து வைக்கக் கொடுத்த மருந்தை ஊரை ஏமாற்ற எடுத்துக் கொடுக்கச் சொல்கிறான்! சீ, இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? தன் பாலில் இருந்ததா, ஆட்டுக்கல்லில் ஆட்டி ஊட்டிய மாவில் இருந்ததா? சுலோசனா பதில் சொல்லவில்லை. அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனான்.

விஷ்ணு வந்தான். நல்ல பையன், செருப்பை வாசலிலேயே விட்டான். கையில் புதுக் கூண்டு. நூடுல்ஸைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டான். "வீடியோ எல்லாம் பார்த்திருக்கேன் அண்ணா. என் தங்கச்சிக்கு இதுன்னா உயிரு. என்ன, ஆடவே மாட்டேங்குது?"

"நீ புது ஆளுல்ல, அதான் வெக்கம்" என்று சிரித்தான் கோகுல்.

சுலோசனா உள்ளேயிருந்து எவர்சில்வர் தட்டோடு வந்தாள். தட்டில் ஒரு பக்கம் மாத்திரை அட்டையும் அளந்த தண்ணீரும், மறுபக்கம் ஊசியில்லாத சிரிஞ்சும் இரண்டு பாட்டிலும். தட்டை விஷ்ணுவுக்கு நேராகத் தரையில் வைத்தாள்.

"இது என் ஊட்டுக்காரருக்கு. இது அதுக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே நோவு தம்பி, இதயம் ஊதிப் போச்சு. போன வாரம் அதோட நெஞ்சுலேர்ந்து தண்ணி எடுத்தாங்க. உயிரு உள்ள வரிக்கும் மருந்து குடுக்கணும். நீ பாத்த வீடியோ பழசு. இஷ்டம்னா எடுத்துகினு போ, சொல்லாம அனுப்ப எனுக்கு மனசு வரல."

விஷ்ணு தட்டைப் பார்த்தான், கோகுலைப் பார்த்தான். அவன் முகம் சுருங்கிய விதம் சுலோசனாவுக்குத் தெரிந்ததுதான். சோபாவை நகர்த்தியபோது அவள் முகம் அப்படித்தான் போயிருக்கும். "வரேன் ஆன்ட்டி" என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டு வெறும் கூண்டோடு இறங்கிப் போனான்.

கதவு சாத்தியதும் கோகுல் வெடித்தான். "உனக்கு அறிவிருக்காம்மா? இன்னும் எத்தனை நாளைக்கு இதைக் கட்டி அழப் போற? எப்படியும் சாகப் போறதுக்கு யாராவது இவ்வளவு பார்ப்பாங்களா?"

"கோகுலு" என்றார் பக்தவத்சலம். சத்தமாகக்கூட இல்லை. "என்னையும் ஒரு போட்டோ புடிச்சிப் போட்டு உடேன். பழைய போட்டோவா பாத்துப் போடு, மிஷின் பக்கத்துல நிக்கிற மாதிரி. யார்னா வருவாங்க."

கோகுல் அப்போதுதான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். "நைனா, நான் உன்னைச் சொல்லல."

"நீ சொல்லலப்பா. எனுக்கும் அதுக்கும் ஒரே மாத்திரன்னு எனுக்குத் தெரியும், அவ்ளோதான்."

கோகுல் போனை எடுத்துக்கொண்டான். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சுலோசனா அந்தக் கதவைத் தட்டவில்லை. அவளுக்கு அவன் மேல் இருந்த அருவருப்பு இன்னும் ஆறவில்லை, ஆறுவதற்கு அவசரமும் இல்லை.

அடுப்பில் ஆட்டுக்கால் சூப் கொதித்துக்கொண்டிருந்தது, இந்த முறை உப்பில்லாமல். இறக்கியவள், என்ன தோன்றிற்றோ, ஒரு கரண்டி எடுத்து ஊதிக் குடித்தாள். இத்தனை நாளும் கணவருக்கு எடுத்து வைத்துவிட்டு மீதியில் உப்புப் போட்டு, அதைத்தான் ருசி பார்த்திருக்கிறாள். அவருடையதை ஒரு தடவைகூட வாயில் வைத்ததில்லை. தூ! கொழகொழவென்று, மாட்டுத் தோலை ஊறவைத்த தண்ணீர் மாதிரி நாக்கில் படிந்தது. தொட்டியில் துப்பிவிட்டு வாய் கொப்பளித்தாள். குழாயை மூடிய பிறகும் அங்கேயே நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

பிராணிக்குச் சின்னத் தட்டில் ஆற வைத்து வெறுமனே ஊற்றினாள். இன்னொரு கிண்ணத்தில் ஊற்றியதில் மிளகை நுணுக்கிப் போட்டாள், கொத்தமல்லி கிள்ளிப் போட்டாள், அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்தாள். மறுபடி ருசி பார்த்தாள். உப்பு இல்லைதான், ஆனால் மனுஷன் குடிக்கிற மாதிரி இருந்தது.

ஹாலில் அது அவர் மடியில் சுருண்டிருந்தது, வாடை கொஞ்சமும் குறையவில்லை. சுலோசனா மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு இரண்டையும் அவர் பக்கத்தில் வைத்தாள்.

"இந்தா யோவ். இது உனுக்கு, அது அதுக்கு. அதோட தட்டுல மறுபடி வாய வெச்சே, கொன்னுடுவேன்."